தட்டில் வளர்ந்த ஆலமரத்தின் நிழல்

வெயிலுகந்தான் தெருவில் மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாத காலத்தில், பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்கள் கரண்டுக் கம்பத்தின் நிழலில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒடுங்கி நின்ற காலத்தில், அந்தத் தெருவின் மாடிவீடு ஒன்றில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த மாரீஸ்வரி, ஒரு ஆலமரத்தைப் பீங்கான் தட்டில் வைத்து வளர்த்து வந்தாள். அடி பருத்து, விழுது விட்டு, கிளை பரப்பி, பார்க்கிறவர் வாயைப் பிளக்கிற மாதிரியான மரம். என்ன, உயரம் மட்டும் ஒரு முழத்தைத் தாண்டாது. தண்ணீர்த் தொட்டிச் சுவரின் விரிசலில் காக்கை எச்சத்தில் முளைத்துக் கிடந்ததை வேர் அறாமல் பிடுங்கி வந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தையல் கத்தரியால் வேரை நறுக்கி, அலுமினியக் கம்பி சுற்றிக் கிளையை வளைத்து, அவள் புருஷன் வேல்மயில் கடல் தாண்டிப் போய்த் தார் ரோடு போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் பூராவும் அவள் அந்த மரத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். போன்சாய் என்ற பெயர் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை, ஆகையால் மாரியோட தட்டு மரம் என்றே ஆகிவிட்டது.

லேசுப்பட்ட வேலை இல்லை அது. ஒரு வேளை தண்ணீர் தவறினால் இலை சுருளும், ஒரு கை கூடினால் வேர் அழுகும், தளிரைக் கிள்ளாமல் விட்டால் தலைகால் தெரியாமல் வளர்ந்து தட்டை உடைக்கும். சொந்தத் தங்கச்சி வளைகாப்புக்கே காலையில் போய்ச் சாயங்காலம் ஓடிவந்தவள் அவள். எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த பலவேசம் அண்ணாச்சிக்கு மட்டும் அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. "வளர்ற மரத்தப் புடிச்சு இப்டி ஒடுக்கி வச்சிருக்கியே தாயி, வீட்டுக்கு ஆகாதும்மா" என்று பருப்பை நிறுத்துப் போடும்போதெல்லாம் சொல்லுவார். அவள் சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

வேல்மயில் திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. கீழே கொதிக்கிற தாருக்கும் மேலே கொதிக்கிற வெயிலுக்கும் நடுவில் ஒரு நாள் சுருண்டு விழுந்தவன், கண் விழித்துப் பார்த்தபோது அவன் உடம்பு வேர்ப்பதை மறந்துபோயிருந்தது. ஒரு பொட்டு வேர்வை கிடையாது. வெளியே என்ன சூடோ அதே சூடு உள்ளேயும் ஏறிக்கொண்டே போகும், கண் செருகும், பேச்சு குளறும். "குளிர்ச்சியா வச்சுக்கோங்கம்மா. இன்னொரு தடவை சூடு தலைக்கு ஏறினா ஆளு மிஞ்ச மாட்டாரு" என்று டாக்டர் அவன் காதுபடவே சொல்லிவிட்டார். ஏசி வாங்கி மாட்டினார்கள். மத்தியானத்தில் அந்தத் தெருவுக்கு வருகிற கரண்டில் அது ஒரு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். ஈரத் துண்டைப் போர்த்திப் போர்த்தி எடுத்தாள், துண்டு அவன் மேலேயே காய்ந்து விறைத்தது. வளர்கிறதை ஒடுக்கி வைத்த பாவம்தானோ என்ற நினைப்பை அவள் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்து வெந்தாள்.

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில், இலையில் வெள்ளைப்பூச்சி பிடிக்கிறதே, வெளிச்சம் படட்டும் என்று மாரீஸ்வரி அதுவரைக்கும் வீட்டுக்குள்ளேயே இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். தெருவில் ஒரு முழு ஆலமரத்தின் நிழல் விழுந்தது. பலவேசம் அண்ணாச்சி கடையில் தொடங்கி, ஜெசிந்தா டீச்சர் வீட்டு கேட்டைத் தாண்டி, தெருக்குழாய் வரைக்கும் கருகருவென்று விழுந்து, விழுதுகளின் நிழல் சுவர்களில் இறங்கி, எங்கிருந்தோ ஒரு குளிர்ந்த காற்றும் கிளம்பி வந்து கடை வாசலில் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டுகளை ஆட்டியது. அண்ணாச்சி நிழலைப் பார்த்தார், அண்ணாந்து தட்டைப் பார்த்தார், மறுபடியும் நிழலைப் பார்த்தார்.

"தாயி," என்று கூப்பிட்டார், "அந்தத் தட்ட ஒரு சாண் வடக்க நகட்டு. முட்டை பூராவும் வெயில்ல இருக்கு."

அவள் நகர்த்தி வைத்தாள். சத்தம் கேட்டு வேல்மயில் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்து, நிழலுக்குள் ஒரு காலை வைத்து, அடுத்த காலையும் வைத்து, அப்படியே நின்றான். யாரோ ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து போட்டார்கள். படுத்தவன் சாயங்காலம் வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். மாரீஸ்வரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பானைத் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது. கண் விழித்ததும், "மாரி, பசிக்குது" என்றான். கடல் தாண்டித் திரும்பி வந்ததிலிருந்து அவன் வாயால் அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே தோசை சுட்டாள்.

அந்த வாரமே தெரு நிழலுக்குப் பழகிவிட்டது. அண்ணாச்சி தகரச் சாய்ப்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். பூக்காரி வந்து உட்கார்ந்தாள், கீரைக்காரி வந்தாள், ஆட்டோக்கள் வந்து நின்றன, பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று நிழலில் ஜமுக்காளம் விரித்துப் பேச்சை முடித்தார்கள், ரிட்டயர் ஆகியும் அதட்டல் ஓயாத ஜெசிந்தா டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் "தூங்குற மனுசன் இருக்காருல்ல, கண்ணு தெரியல?" என்று இறங்கித் தள்ளிக்கொண்டு போக வைத்தார். வெளியூர்க்காரர் யாராவது மரம் எங்கே என்று கேட்டால் மாடியைக் காட்டுவார்கள். அவரும் அண்ணாந்து பார்த்து, "சின்னதா இருக்கே" என்பார். "ஆமா, தட்டுல வச்சிருக்காங்கல்ல" என்று பதில் வரும், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பக்கத்துத் தெருக்காரர்கள் இரவல் கேட்டார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் பந்தல் போட ஆள் வரும்வரைக்கும், சடங்கு வீட்டில் பந்தி முடியும்வரைக்கும் என்று கேட்டால் எப்படி இல்லை என்பது? தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போவாள் மாரீஸ்வரி, போகிற வழியெல்லாம் ஆலமர நிழல் கூடவே ஓடிவரும், போக்குவரத்துப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொள்வார். புருஷனை விட்டுவிட்டுப் போக முடியாதே, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். செத்தவர் யாரென்றே தெரியாத வீடுகளில் எல்லாம் வேல்மயில் முன்வரிசையில் உட்கார்ந்து காப்பி குடித்தான். ஆனால் அந்த நேரங்களில் வெயிலுகந்தான் தெரு வெந்தது. "நம்ம மரத்த ஊரு பூராவும் தூக்கிட்டு அலையாத தாயி" என்றார் அண்ணாச்சி. நம்ம மரம் என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். இரவல் கொடுப்பது நின்றது.

சனியன் பிடித்தது அதற்கு அப்புறம்தான். ஒரு நாள் வழக்கம்போல் கத்தரியை எடுத்து நீண்டிருந்த தளிர் ஒன்றை நறுக்கினாள். கீழே கீரைக்காரியின் தலைமேல் சுளகு அகலத்துக்குப் பொத்தென்று வெயில் விழுந்தது. "ஏ மாரி, என்னடி பண்ற!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே மாடிக்கு ஏறி வந்துவிட்டது. வெட்டினால்தான் மரம் ஆரோக்கியமாக இருக்கும் என்று இவள் சொல்லச் சொல்ல, "வெட்டுனா நல்லா இருக்கும்னு எந்த ஊர்லம்மா சொல்லுவாங்க" என்று சிரித்துவிட்டு, டீச்சர் அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜாக்கெட் வெட்ட வேண்டும் என்றால் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெட்டிக் கத்தரியைத் திருப்பித் தந்துவிட்டு வரவேண்டியதாயிற்று.

அதைவிடக் கொடுமை தண்ணீர். நல்ல மனசோடுதான் ஊற்றினார்கள், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குளித்து முழுகி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார்கள், மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றினார்கள், அண்ணாச்சி வீட்டம்மா செவ்வாய் வெள்ளிக்குப் பால் ஊற்றிக் குங்குமம் வைத்து மஞ்சள் கயிறு கட்டினார். மாடிக் கதவைப் பூட்டினாள் மாரீஸ்வரி. அடுத்த மாடியிலிருந்து சொம்பால் வீசி ஊற்றினார்கள். "மதினி, கையெடுத்துக் கும்பிடுறேன், போதும், வேர் அழுகிரும்" என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். "ஒரு சொம்பு தண்ணியில என்ன ஆயிரப் போகுது, எங்களுக்கும் ஆசை இருக்காதா?" என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொம்புதான், தெருவுக்கு எத்தனை வீடு என்று யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் முதல் இலை பழுத்தது. தட்டைச் சாய்த்து மண்ணை விலக்கிப் பார்த்தாள். வேர் கறுத்துக் கூழாகி, சாக்கடை நாற்றம் அடித்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அழுகினதை எல்லாம் வெட்டிப்போட்டு, ஒரு இலை விடாமல் உருவி, புதுமண் மாற்றி, மழை இறங்கும் வரைக்கும் வீட்டுக்குள் மூலையில் வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இலை இல்லாத மரத்துக்கு நிழல் ஏது? மழை இறங்கும் வரைக்கும் வேல்மயில் எங்கே போவான்? வெட்டினால் அவன் போய்விடுவான், வெட்டாவிட்டால் மரம் போய்விடும், மரம் போனாலும் அவன் போய்விடுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். கறுத்த வேரைக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியிலேயே உட்கார்ந்திருந்தாள், பிறகு மண்ணை மூடி, யாருக்கும் தெரியாமல் தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

இலைகள் ஒவ்வொன்றாக விழ விழ நிழல் சல்லடையாகியது. பூக்காரியும் கீரைக்காரியும் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். கட்டிலில் கிடந்த வேல்மயிலுக்கு மறுபடியும் கண் செருகத் தொடங்கியது. பேசிக்கொண்டே இருக்கையில் அரபு நாட்டு மேஸ்திரியிடம் பேசுவது போல, "தார் வந்துருச்சு, தள்ளி நில்லு" என்பான். அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக் கொண்டுவருவாள். "வெயிலுகந்த தாயே, உனக்கு வெயில் பத்தலையா, இவர் ஒருத்தர விட்டுரு" என்று ஊர் அம்மனை வாய்விட்டே வேண்டினாள்.

அப்போதுதான் அண்ணாச்சிக்கு அந்த யோசனை வந்தது. தெருவே கூடி நின்று பழுத்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன், ஒடுக்கி வைக்காதேன்னு. தட்டுக்குள்ள கெடக்கும்போதே இம்புட்டு நெழல் குடுக்குதுன்னா, தரையில விட்டா ஊரையே மூடிறாதா?" என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, அது அட ஆமாம் என்று ஆகி, பிறகு இத்தனை நாள் இது நமக்கு எப்படித் தோன்றாமல் போச்சு என்று ஆகிவிட்டது. எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாத டீச்சர்கூட, "லாஜிக் சரியாத்தான் இருக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்ல மாரீஸ்வரியிடமும் ஒரு காரணம் இல்லை. தரைக்குப் போனால் வேர் மூச்சுவிடும், அழுகல் காயும், பிழைக்கலாம். அந்த அளவுக்கு அவளுக்கும் தெரிந்ததுதான்.

வேல்மயிலிடம் போய் உட்கார்ந்து, "என்ன மாமா சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"நீ வளர்த்தது. நீ சொல்றதுதான்."

"அத ஒடுக்கி வச்சதுனாலதான் உங்களுக்கு இப்டி ஆச்சோன்னு எனக்கு இருக்கு மாமா. தெனமும் இருக்கு."

அவன் அவளையே பார்த்தான். "கிறுக்கி," என்றான், "எனக்கு ஆனதுக்கு வெயில்தான் காரணம். நீ என்ன வெயிலா?" அவள் அழுதாள். ஆனால் அந்த அழுகையிலேயே முடிவும் எடுத்துவிட்டாள், மரத்தை விட்டுவிடுவது என்று.

தெருமுனையில் தண்ணீர் வற்றிப்போன அடிபம்பைப் பிடுங்கிவிட்டுக் குழி வெட்டினார்கள். கரிசல் மண் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பொங்கல் வைத்தார்கள், மேளம் சொன்னார்கள், டீச்சர் கத்தரியைத் திருப்பிக் கொடுத்தார், அதைக் கொண்டு மாரீஸ்வரி கம்பிகளை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தாள். கம்பி இருந்த இடம் பூராவும் பட்டையில் சுற்றிச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. அதை விரலால் தடவி, "என்னய மன்னிச்சிரு" என்றாள். அவளே இரண்டு கையாலும் மரத்தைத் தட்டிலிருந்து தூக்கினாள், நிழல் தெருமேல் அப்படியே நின்றது. குழிக்குள் இறக்கினாள், பெண்கள் குலவை இட்டார்கள். வேர் மண்ணைத் தொட்டது. கொடியில் காய்ந்த வேட்டியை ஒரு முனையைப் பிடித்து உருவுகிற மாதிரி, தெருக்குழாயிலிருந்தும், டீச்சர் வீட்டு கேட்டிலிருந்தும், கடையிலிருந்தும், வேல்மயில் கிடந்த கட்டிலிலிருந்தும் நிழல் சரசரவென்று உருவிக்கொண்டு வந்து, செடியின் காலடியில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கி உட்கார்ந்துகொண்டது. முழம் உயரச் செடிக்கு எவ்வளவு நிழல் இருக்குமோ அவ்வளவுதான்.

குலவை பாதியில் நின்றது. மேளக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்துவிட்டு, சுற்றிப் பார்த்து நிறுத்தினார்.

"பொறுங்க," என்றார் அண்ணாச்சி, "வேர் பிடிக்கட்டும்."

எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். வேர் பிடித்து வளர்ந்து ஆலமரமாக எவ்வளவு நாளாகும் என்று கீரைக்காரி கேட்டாள். "அன்னைக்கு நம்மள்ல யாரும் இருக்க மாட்டோம்" என்றார் டீச்சர், முதல் தடவையாக அதட்டல் இல்லாத குரலில். கீரைக்காரி முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினாள், பூக்காரி வாழைநாரைச் சுருட்டினாள், ஆட்டோக்கள் போயின. வைத்த பொங்கலை வீணாக்க வேண்டாமே என்று ஆளுக்கு ஒரு தொன்னை வாங்கிக்கொண்டார்கள். நிழல் வந்ததை எப்படி எடுத்துக்கொண்டார்களோ அப்படியே போனதையும் எடுத்துக்கொண்டார்கள், வெறும் வெயிலாக இருந்த தெருவில் வெயில் அடித்தது, அவ்வளவுதான்.

மாரீஸ்வரிக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. மண்டியிட்டு, நட்டதைக் கையாலேயே தோண்டி எடுத்து, பீங்கான் தட்டில் வைத்தாள். நிழல் சாண் அகலமே இருந்தது. மண்ணை அள்ளிப்போட்டு இறுக்கினாள், மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள், வடக்கே நகர்த்தினாள், தெற்கே நகர்த்தினாள். சுவரைத் தாண்டி விழக்கூட நிழலுக்குத் தெம்பு இல்லை. மறுபடி இறங்கி வந்து தெருமுனையில் உட்கார்ந்து, வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளைப் பொறுக்கி, அந்தப் பழைய பள்ளங்களிலேயே அழுத்திச் சுற்றினாள். ஒரு சுற்று சுற்றித் தரையைப் பார்ப்பாள். இன்னொரு சுற்று சுற்றித் தரையைப் பார்ப்பாள். பட்டை கிழிந்து பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. "குடேன், இன்னும் கொஞ்ச நாளைக்கு மட்டும் குடேன், மழை வந்ததும் உன்னய விட்டுர்றேன்" என்று அதனிடம் மன்றாடினாள். அவள் என்ன செய்கிறாள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது, தெரிந்தும் கை நிற்கவில்லை.

அவள் தோளில் நெருப்பாய் ஒரு கை விழுந்தது. வேல்மயில் கட்டிலை விட்டு எழுந்து அவ்வளவு தூரமும் வெயிலில் நடந்து வந்திருந்தான்.

"ஏன் மாமா வந்தீங்க? உள்ள போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உள்ள போங்க!"

"உள்ள மட்டும் என்ன வாழுது" என்று சொல்லிக்கொண்டே அவன் பக்கத்தில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் சரிந்து படுத்தான். "அத விட்டுரு மாரி. தப்பிச்ச ஒண்ணைத் திரும்பப் புடிச்சுக் கட்டாத. தப்பிச்சிர மாட்டமான்னு நான் அங்க எம்புட்டு நாளு நினைச்சுக் கெடந்தேன் தெரியுமா."

அவள் கம்பியைப் பிரித்தாள். மரத்தைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினாள். அண்ணாச்சி கடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஆளுக்கு ஊற்றுவதா மரத்துக்கு ஊற்றுவதா என்று தெரியாமல் நின்றார், அவர் கண்ணிலிருந்து நீர் கரகரவென்று வழிந்தது. மாரீஸ்வரி வாளியைப் பிடுங்கிப் புருஷன் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினாள், வழிந்து ஓடியதைக் குழி குடித்தது. "ஆஸ்பத்திரி வண்டி சொல்லியாச்சு, வந்துக்கிட்டே இருக்கு" என்று டீச்சர் வாசலிலிருந்து கத்தினார்.

வேல்மயில் வலது கையை மெல்ல நீட்டி, செடியின் காலடியில் கிடந்த அந்த நிழலுக்குள் உள்ளங்கையை மல்லாத்தி வைத்தான்.

"கை நெறைய இருக்கு மாரி" என்றான். "நல்லா இருக்கு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கவில்லை. வெயில் நகர்ந்து, நிழல் உள்ளங்கையை விட்டு நழுவி விரல் நுனிக்குப் போனது. அவன் கையை இழுத்து நிழலுக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இழுத்து வைத்தாள்.